நீலம் பாரித்த புருவங்கள்: பழைய நிரந்தர ஒப்பனையைத் திருத்துவது பற்றி ஓர் எளிய விளக்கம்

புருவத்திலோ உதட்டிலோ கண்ணிமை ஓரத்திலோ ஊசியால் நிறம் ஏற்றிக்கொள்வதற்கு நிரந்தர ஒப்பனை என்று பெயர். மைக்ரோபிளேடிங், பவுடர் புருவம், லிப் பிளஷ் என்று பார்லர்களின் விலைப்பட்டியலில் இருப்பவை எல்லாம் இதன் வகைகளே. புதிதில் கச்சிதமாக இருக்கும். சில ஆண்டுகள் போன பிறகு பார்த்தால் புருவம் சாம்பல் பூத்திருக்கும், அல்லது செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருக்கும்; மயிரிழை போல வரைந்த கோடுகள் கலங்கி ஒரே பட்டையாகியிருக்கும். என்ன செய்யலாம் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "டச்-அப் போட்டுவிடலாம்."

இந்த டச்-அப் என்ற ஒன்றுக்குள் மூன்று தனித்தனி வேலைகளைப் போட்டு அடைத்துவிட்டார்கள். மங்கிய நிறத்தைத் திரும்ப ஏற்றுவது ஒரு வேலை. திரிந்துபோன நிறத்தைச் சரிக்கட்டுவது இன்னொரு வேலை. தோலுக்குள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டதை வெளியே எடுப்பது மூன்றாவது வேலை. மூன்றாவது தேவைப்படும் முகத்துக்கு முதலாவதைச் செய்தால் காசும் போகும், புருவமும் கெடும். புது நிறம் பழைய நிறத்தை மறைத்துவிடும் என்ற நம்பிக்கைதான் இத்தனைக்கும் வேர். மறைக்காது. ஏன் என்று புரிய, முதலில் அந்த நிறம் தோலில் எங்கே தங்கியிருக்கிறது என்று தெரிய வேண்டும்.

## நிறம் தங்கும் இடம்

நம் தோலின் வெளி அடுக்கு மேல்தோல். முகத்தில் இது காகிதத் தடிமன்தான் இருக்கும். அடியிலிருந்து புது செல்கள் பிறந்து மேலே ஏறி, உலர்ந்து உதிர்ந்துகொண்டே இருப்பதால், ஏறக்குறைய ஒரு மாதத்தில் மேல்தோல் முழுவதும் புதிதாகிவிடுகிறது. இதற்குக் கீழே ரத்தக்குழாய்களும் நரம்புகளும் நார்களும் உள்ள அடுக்கு அடித்தோல். இது உதிர்வதில்லை. நிரந்தர ஒப்பனையின் ஊசி அடித்தோலின் மேற்பகுதியில் நிறமியைக் கொண்டுபோய் வைக்கிறது. நிறமி என்பது தண்ணீரில் கரையாத, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய வண்ணத் துகள்.

ஊசி போகும் வழியில் மேல்தோலிலும் நிறமி சிந்தும். அதனால்தான் முதல் வாரம் புருவம் கரிக்கோடு இழுத்தது போல அடர்ந்திருக்கிறது. பிறகு பொருக்கு உதிர்ந்ததும் "எல்லாம் போய்விட்டதே" என்று பலர் பதறுகிறார்கள். போனது மேல்தோலில் சிந்தியது மட்டும். அடித்தோலில் தங்கியதன் உண்மையான நிறம் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் எந்தத் திருத்தத்துக்கும் அவசரப்படக் கூடாது.

அடித்தோலில் வைத்த துகள் ஏன் கரைந்து போவதில்லை? உடம்பு அதை அந்நியப் பொருளாகத்தான் பார்க்கிறது. பெருவிழுங்கிகள் என்ற காவல் செல்கள் வந்து துகள்களை விழுங்கிவிடுகின்றன. ஆனால் செரிக்க முடிவதில்லை. வயிற்றில் வண்ணத்தை வைத்துக்கொண்டு அங்கேயே கிடக்கின்றன. நாம் புருவம் என்று கண்ணாடியில் பார்ப்பதில் பெரும்பகுதி இந்த செல்களின் வயிற்றில் இருப்பதுதான். அந்த செல்லும் ஒருநாள் சாகும். அப்போது கொட்டும் நிறமியைப் பக்கத்தில் வரும் புதிய பெருவிழுங்கி விழுங்கிக்கொள்ளும். பிரான்சின் மார்சேய் நகர ஆய்வாளர்கள் 2018இல் எலிகளின் தோலில் இந்தக் கைமாற்றத்தைக் காட்டினார்கள். கைமாறும்போது கொஞ்சம் இடம் பெயர்கிறது, கொஞ்சம் நிணநீர் வழியே கழுத்துப்பக்க நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ச் சேர்கிறது. கோடுகள் கலங்குவதற்கும் நிறம் மங்குவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

சுருக்கமாக: மேல்தோலில் இருப்பது ஒரு மாதத்தில் போய்விடும், அடித்தோலில் இருப்பது தங்கிவிடும். தங்கியதும் அசையாமல் இருப்பதில்லை.

## பழுப்பு ஏன் நீலமாகிறது, சிவப்பாகிறது?

புருவத்துக்கு ஏற்றும் பழுப்பு ஒற்றை நிறமி அல்ல, கலவை. கருமைக்குக் கரிமத் தூள் (கரி போன்ற நுண்ணிய கார்பன்) அல்லது கறுப்பு இரும்பு ஆக்சைடு, அதோடு சிவப்பும் மஞ்சளும், வெளிறச் செய்ய டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை. ஒவ்வொன்றும் தோலில் தங்கும் காலம் வேறு. கரிமத் துகள் மிக நுண்ணியது, வெயிலுக்கும் அசராது. ஆர்கானிக் வேதியியல் முறையில் தயாரிக்கும் பல மஞ்சள், சிவப்பு நிறமிகளோ புற ஊதாக் கதிர் பட்டுச் சிதைபவை. கரிமத் தூள் நிறைந்த கலவையில் மஞ்சளும் சிவப்பும் முதலில் விடைபெற, கறுப்பு மட்டும் மிஞ்சி, புருவம் சாம்பல் நீலமாகத் தெரிகிறது. இரும்பு ஆக்சைடு அதிகமுள்ள கலவை பெரும்பாலும் எதிர்த்திசையில் போகும். கடைசியில் மிஞ்சுவது துருவின் சிவப்பு. கிட்டத்தட்ட அது துருவேதான்: இரும்பு ஆக்சைடின் சிவப்பு வடிவத்துக்கும் ஆணியில் பிடிக்கும் துருவுக்கும் வேதியியலில் நெருங்கிய உறவு.

கறுப்பு மிஞ்சினால் கறுப்பாகத்தானே தெரிய வேண்டும், நீலம் எங்கிருந்து வந்தது? இதற்குப் பதில் ஆழம். தோலுக்குள் நுழையும் ஒளியில் நீலப் பகுதி எளிதாகச் சிதறித் திரும்பி வந்துவிடுகிறது. சிவப்புப் பகுதி ஆழமாகப் போய் அங்கே உள்ள கறுப்புத் துகளால் உறிஞ்சப்படுகிறது. ஆகவே கண்ணுக்கு வந்து சேரும் ஒளியில் நீலம் ஓங்கியிருக்கிறது. நம் ஊர்ப் பாட்டிகளின் முன்கையில் பச்சை குத்திய கோலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. குத்தியது கரி கலந்த மை. தெரிவது நீலப்பச்சை. பிறந்த குழந்தைகளின் முதுகடியில் சிலருக்கு இருக்கும் நீலத் திட்டும் இதே கதைதான். அங்கே ஆழத்தில் இருப்பது தோலின் சொந்த நிறமியான மெலனின்.

ஊசி எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு நீலம். "மட்டமான மை போட்டுவிட்டார்கள்" என்று மையைத் திட்டுபவர்கள் பலர். என் கணிப்பில், பல புருவங்களில் குற்றவாளி மை இல்லை, அழுத்திய கை.

ஒரு சோதனையை வீட்டிலேயே செய்யலாம். முகத்தைக் கழுவி, பகல் வெளிச்சம் விழும் ஜன்னல் அருகே நின்று, கைபேசியில் புருவத்தை மிக அருகில் படம் எடுங்கள். குழல்விளக்கின் கீழ் வேண்டாம். அது எல்லாவற்றையும் குளிர்ந்த நிறமாகக் காட்டும். படத்தைப் பெரிதாக்கினால் புருவம் ஒரே நிறமாக இல்லை என்பது தெரியும். மூக்குப் பக்கம் இளஞ்சிவப்பு, நடுவில் சாம்பல், வால் பகுதியில் கோட்டைத் தாண்டிக் கசிந்த நீல நிழல் என்று ஒரு புருவத்திலேயே மூன்று இருக்கலாம். கை எங்கே அழுந்தியது, எங்கே இரண்டாம் முறை போட்டார்கள் என்பதை அந்தப் படம் காட்டிக்கொடுத்துவிடும். நெற்றியும் மூக்கும் எண்ணெய் வடியும் தோலாக இருந்தால் கோடுகள் கூடுதலாகக் கலங்கியிருக்கும்.

## முதல் வேலை: புதுப்பித்தல்

இதுதான் எளியது. வடிவம் சரியாக இருக்கிறது. நிறம் திரியவில்லை, வெளிறியிருக்கிறது, அவ்வளவுதான். அப்போது அதே சாயலில், குறைந்த அளவில் நிறமி ஏற்றினால் போதும். இதற்குத்தான் டச்-அப் என்ற பெயர் பொருந்தும்.

புதுப்பித்தலைக் காலண்டர் பார்த்துச் செய்வது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. "ஆண்டுக்கு ஒருமுறை வாருங்கள்" என்று சொல்லி அனுப்பும் வழக்கம் இருக்கிறது. பழையது பாதிக்கு மேல் இருக்கும்போதே புதியதை ஏற்றினால் மொத்தம் கூடிக்கொண்டே போகும். வெளிர்ப்பழுப்பு அடர்பழுப்பாகும், அடர்பழுப்பு கறுப்பாகும், பிறகு திருத்தவும் இடமிருக்காது. நிறம் மங்கினால் போகலாம்; தேதி வந்தது என்பதற்காகப் போக வேண்டியதில்லை.

## இரண்டாம் வேலை: நிறத்தைச் சரிக்கட்டுதல்

மங்கிய நீலச் சேலைக்கு மஞ்சள் சாயம் போட்டால் மஞ்சள் சேலை கிடைக்காது, பச்சைச் சேலைதான் கிடைக்கும். சாயம் துணியின் மேல் பூச்சாக நிற்பதில்லை. ஏற்கெனவே உள்ள சாயத்தோடு சேர்ந்து ஒரு புது நிறமாகிறது. தோலிலும் அப்படியே. பழைய துகளும் புதிய துகளும் ஒரே அடுக்கில் அக்கம்பக்கமாக, சில நேரம் ஒரே பெருவிழுங்கியின் வயிற்றுக்குள்ளேயே இருக்கின்றன. இரண்டின் கூட்டுத்தொகைதான் நம் கண்ணுக்கு வருகிறது.

இந்தக் கூட்டலையே கருவியாக்கிக்கொள்வதற்கு நிறத்திருத்தம் என்று பெயர். வண்ணச் சக்கரத்தில் எதிரெதிரே இருக்கும் இரண்டு நிறங்கள் கலந்தால் ஒன்றை ஒன்று அடக்கி, பழுப்பு போன்ற நடுநிறத்துக்கு வரும். சாம்பல் நீலப் புருவத்துக்கு ஆரஞ்சுச் சாயல் ஏற்றுகிறார்கள். சிவந்த புருவத்துக்கு ஆலிவ் பச்சைச் சாயல். ஊதா பாரித்ததற்கு மஞ்சள். முதல் அமர்வில் இந்த எதிர்நிறம். ஆறியபின் தேவைப்பட்டால் வேண்டிய பழுப்பு.

படிக்கும்போது ஓவிய வகுப்பு போல இனிதாக இருக்கிறது. நடைமுறையில் இரண்டு தடைகள். முதலாவது, அடக்கினாலும் அழியவில்லை. துகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஆகவே பழையது நன்றாக வெளிறியிருந்தால் மட்டுமே இது எடுபடும். அட்டைக் கறுப்பாக இருக்கும் புருவத்தில் ஆரஞ்சு ஏற்றினால் ஆரஞ்சு காணாமல் போகும், அவ்வளவே. இரண்டாவது, ஆரஞ்சு நிறமி கரிமத் தூளைவிட முன்னதாக மங்கிவிடலாம். அப்போது அடங்கியிருந்த நீலம் மறுபடி தலைகாட்டும். திருத்தம் செய்தவர் ஏமாற்றினார் என்று அர்த்தமில்லை. முன்பு பழுப்பைப் பிரித்த அதே காரணம்தான் இங்கேயும்.

நம் நிறத் தோலுக்கு இன்னொன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மெலனின் மேல்தோலின் அடிவரிசையில் இருக்கிறது. அதாவது ஏற்றிய நிறமிக்கு மேலே. நம் தோலின் பழுப்பு ஒரு வண்ணக் கண்ணாடியாக நின்று, கீழே உள்ளதைத் தன் சாயலோடுதான் காட்டும். ஐரோப்பிய முகங்களின் முன்-பின் படங்களைக் காட்டி இதே விளைவு வரும் என்று யாராவது சொன்னால், உங்கள் நிறத்துக்கு நெருங்கிய தோலில் செய்த, ஆறிய பிறகு எடுத்த படத்தைக் கேளுங்கள். செய்து முடித்த அன்றே எடுத்த படம் எதையும் நிரூபிக்காது.

இதுவரை: நிறம் வெளிறி, வடிவம் சரியாக இருந்தால் புதுப்பிக்கலாம். வெளிறித் திரிந்திருந்தால் எதிர்நிறம் ஏற்றலாம். இரண்டும் தோலில் நிறமியைக் கூட்டும் வேலைகள். கூட்ட இடமில்லாத புருவத்துக்குக் கழித்தல்தான் வழி.

## தோல் நிற மை என்ற பொறி

கழித்தலுக்குப் போகும் முன் ஒரு குறுக்குவழியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். புருவத்தின் வால் அதிகம் நீண்டுவிட்டால், அதன்மேல் தோல் நிறத்தில் மை ஏற்றி மறைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அழிரப்பரால் அழிப்பது போலத் தோன்றும். அந்தத் தோல் நிறத்தின் அடிப்படை டைட்டானியம் டை ஆக்சைடு வெள்ளை. முகம் வெயிலில் கறுக்கும், குளிர்காலத்தில் வெளிறும்; ஏற்றிய மை மாறாது. சில மாதங்களில் அந்த இடம் மட்டும் சுண்ணாம்புத் திட்டாக, அல்லது கீழே உள்ள கறுப்போடு சேர்ந்து சேற்றுச் சாம்பலாகத் தெரியும். இதைவிடப் பெரிய சிக்கல், பின்னால் லேசருக்குப் போகும்போது வரும்.

## மூன்றாம் வேலை: வெளியே எடுத்தல்

லேசர் நிறமியை உறிஞ்சி எடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். லேசர் எதையும் எடுப்பதில்லை, உடைக்கிறது. ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கை நானோ நொடி என்பார்கள். சில நானோ நொடிகள் மட்டுமே நீடிக்கும் வலுவான ஒளித்துடிப்பைத் தோலில் பாய்ச்சினால், அதை உறிஞ்சும் துகள் சடாரெனச் சூடாகி நொறுங்குகிறது; துடிப்பு அவ்வளவு குறுகியதால் சூடு சுற்றியுள்ள திசுவுக்குப் பரவ நேரம் கிடைப்பதில்லை. இந்தக் கொள்கையை ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் 1983இல் விளக்கினார்கள். ஒளி பட்ட இடத்தில் உடனே வெண்பனி படர்ந்தது போல ஒரு வெளுப்பு தோன்றி, சில நிமிடங்களில் மறையும். நொறுங்கிய துகள்களை அள்ளிக்கொண்டு போவது உடம்பின் வேலை. அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால்தான் இரண்டு அமர்வுகளுக்கு இடையே ஆறு முதல் எட்டு வாரம் விடுகிறார்கள்.

எந்த ஒளி எந்த நிறத்தை உடைக்கும் என்பது அலைநீளத்தைப் பொறுத்தது. 1064 நானோமீட்டர் ஒளியைக் கறுப்பு நன்றாக உறிஞ்சும், மெலனின் குறைவாகவே உறிஞ்சும். ஆகவே நம் தோலுக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. சிவப்பை உடைக்கும் 532 நானோமீட்டர் ஒளியை மெலனினும் விரும்பி உறிஞ்சும். மாநிறத் தோலில் அதைக் கவனமில்லாமல் பயன்படுத்தினால் கொப்புளம், கருந்திட்டு, வெண்திட்டு என்று வேறு தொல்லைகள் வரலாம்.

நிரந்தர ஒப்பனைக்கே உரிய ஒரு வில்லங்கமும் உண்டு. லேசர் பட்ட நொடியில் சிவப்பு இரும்பு ஆக்சைடு வேதிமாற்றம் அடைந்து கறுப்பு இரும்பு ஆக்சைடாகிவிடலாம். டைட்டானியம் டை ஆக்சைடும் சாம்பலாகக் கறுக்கலாம். இளஞ்சிவப்பு உதடு கண்ணெதிரே கறுக்கும். தோல் நிற மை போட்ட புருவ ஓரம் கரித்திட்டாகும். கறுத்ததை அடுத்தடுத்த அமர்வுகளில் உடைக்க முடிவதும் உண்டு, பிடிவாதமாக நிற்பதும் உண்டு. இதனால்தான் விவரம் தெரிந்த தோல் மருத்துவர், கண்ணில் படாத ஓரத்தில் ஒரு புள்ளியில் சோதித்துப் பார்க்காமல் முழுப் புருவத்தில் கை வைக்கமாட்டார். முன்பு தோல் நிற மையோ வெள்ளையோ போட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். புருவ முடியே சில நேரம் தற்காலிகமாக வெளுக்கும் என்பதையும் முன்கூட்டித் தெரிந்துகொண்டால் கண்ணாடி பார்த்து அலற வேண்டியிருக்காது.

இன்னொரு வழி உப்புக் கரைசல். அடர்ந்த உப்புநீரை ஊசியால் தோலுக்குள் ஏற்றுவார்கள். காயத்திலிருந்து கசியும் நீரோடு நிறமியில் ஒரு பகுதியும் மேலே வந்து பொருக்கில் ஒட்டி, பொருக்கோடு உதிரும். நிறத்தைப் பார்த்து வேலை செய்யும் முறையல்ல என்பதால் வெள்ளைக்கும் தோல் நிற மைக்கும் இதை நாடுகிறார்கள். மை கறுத்துவிடும் பயமும் இல்லை. ஆனால் மெதுவானது, பல அமர்வுகள் தேவைப்படும். பெரும்பாலும் முழுமையாக நீக்காது, வெளிறச் செய்யும். பொருக்கைப் பிய்த்தால் தழும்பு. மாநிறத் தோலில் காயம் ஆறிய இடம் கறுத்துப்போகும் வாய்ப்பும் இருக்கிறது. கடும் அமிலம் வைத்து அகற்றுவதாகச் சொல்பவர்களிடமிருந்து தள்ளியே இருங்கள். அமிலத்துக்கு மை எது, தோல் எது என்று தெரியாது.

எல்லோருக்கும் முழு அகற்றல் வேண்டியதில்லை. பாதி வெளிறினாலே மேலே சொன்ன நிறத்திருத்தத்துக்கு இடம் கிடைத்துவிடும். எடுத்தல், ஆறவிடுதல், திருத்துதல் என்ற வரிசையில் போனால் ஓராண்டு ஆகலாம். ஒரே மாலையில் எல்லாம் முடிந்துவிடும் என்பவரைவிட, "இன்றைக்கு எதுவும் போடவேண்டாம்" என்று திருப்பி அனுப்புபவரை நான் நம்புவேன்.

## உதடு, கண்ணிமை

உதட்டில் ஊசி படுவது, உடம்பில் ஒளிந்திருக்கும் ஹெர்பிஸ் வைரஸைத் தட்டி எழுப்பி உதட்டில் கொப்புளங்களைக் கிளப்பலாம். முன்பு அப்படி வந்தவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மருந்து பற்றிக் கேட்க வேண்டும். கறுத்த உதட்டுக்கு ஆரஞ்சு ஏற்றிச் "சமன்" செய்வதிலும் நிறத்திருத்தத்தின் எல்லைகள் அப்படியே பொருந்தும். காயமே கறுப்பைக் கூட்டிவிடக்கூடிய இடம் அது.

இமை ஓரத்துக் கோட்டை லேசரால் எடுப்பது மருத்துவரின் வேலை மட்டுமே. இமைக்குள், விழியின் மேல் உலோகக் கவசம் பொருத்தாமல் அங்கே ஒளியைப் பாய்ச்சக் கூடாது. வெளியே கண்ணாடி மாட்டிவிடுவது போதாது.

## புட்டியில் எழுதியிருக்கும் எண்கள்

அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், தோலுக்குள் செலுத்துவதற்கென்று எந்த நிறமிக்கும் இதுவரை ஒப்புதல் தரவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் பச்சை குத்தும் மைகளிலும் நிரந்தர ஒப்பனை மைகளிலும் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. ஆக, உங்கள் தோலுக்குள் போகும் பொருளின் பெயரைக் கேட்பது வீண் சந்தேகம் ஆகாது. நல்ல தயாரிப்பின் புட்டியில் ஐந்து இலக்க நிறமி எண்கள் அச்சிட்டிருக்கும். பார்வைக்கு ஒன்று போலிருக்கும் இரண்டு பழுப்புகளைப் பிரித்துக்காட்டுபவை இவைதான். 77266 என்றால் கரிமத் தூள். 77491 சிவப்பு, 77492 மஞ்சள், 77499 கறுப்பு. இந்த மூன்றும் இரும்பு ஆக்சைடுகள். 77891 என்றால் டைட்டானியம் டை ஆக்சைடு.

77266 முதலில் நிற்கும் கலவை நாளடைவில் சாம்பல் பக்கம் போகும் என்றும், 77491 ஓங்கிய கலவை சிவப்புப் பக்கம் போகும் என்றும் ஓரளவு ஊகிக்கலாம். 77891 இருந்தால் லேசர் மருத்துவருக்கு அது முதல் தகவல். இரும்பு ஆக்சைடு இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது சொல்லிவிடுங்கள், மிக அரிதாக அந்த இடம் சூடாகவோ வீங்கவோ கூடும். அதற்காக எம்.ஆர்.ஐ.யையே தவிர்க்கத் தேவையில்லை.

ஊசி தொடும் முன் புட்டியின் விவரச்சீட்டைப் படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு ஆண்டு கழித்து உங்கள் புருவத்தைத் திருத்த உட்காருபவர் வேறு ஒருவராக இருப்பார். முன்னவர் என்ன போட்டார் என்று அவருக்குச் சொல்ல அந்தப் படத்தைத் தவிர வேறு எதுவும் இருக்காது.